கணக்கர் வேலைக்குக் கச்சிதமான பயோடேட்டா

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தவுடன் பலர் செய்யும் முதல் உருப்படியான வேலை, பயோடேட்டா டைப் செய்வதுதான். நெய்வேலியில் இதற்குத் தேவை அதிகம். 1956ல் தொடங்கப்பட்ட என்.எல்.சி. நிறுவனத்தின் சுரங்கங்களையும் அனல்மின் நிலையங்களையும் நம்பி ஒப்பந்ததாரர்கள், லாரி அலுவலகங்கள், உதிரிபாகக் கடைகள் என்று ஏராளமாக இயங்குகின்றன. அத்தனைக்கும் கணக்கு எழுத ஆள் வேண்டும்.

உறவுக்காரப் பெண் ஒருவர் தன் பயோடேட்டாவைப் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் அனுப்பியிருந்தார். பி.காம். படித்தவர். ஒப்பந்ததாரர் ஒருவரிடம் மூன்று ஆண்டுகள் கணக்கு பார்த்தவர். ஒப்பந்தம் முடிந்ததும் வேலையும் போய்விட்டது. இருபது இடங்களுக்கு அனுப்பியும் ஒரு அழைப்புகூட வரவில்லை. பைலைத் திறந்து பார்த்தேன். பாதிப் பக்கத்திற்குத் தந்தை பெயர், மதம், உயரம், எடை. கடைசியில் "டேலி தெரியும்" என்று ஒரே ஒரு வரி.

தினமும் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். நாற்பது தொழிலாளர்களுக்குச் சம்பளப் பட்டியல், மாதம் 15ம் தேதிக்குள் பி.எப்., இ.எஸ்.ஐ. கட்டுவது, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு என்று அடுக்கினார். "இதெல்லாம் ஏன் எழுதவில்லை?" என்றால், "அது தினமும் செய்யற வேலைதானே அண்ணா, அதைப் போய் எழுதணுமா?" என்றார். அதைத்தான் எழுத வேண்டும்.

எதை எழுதுவது?

கணக்கு வேலைக்கு ஆள் எடுப்பவர் மனதில் இருப்பது ஒரே கேள்வி: "இவரை நம்பி என் கணக்கை ஒப்படைக்கலாமா?" அதற்குப் பதில் சொல்லும் வரிகளே தேவை. "ஜி.எஸ்.டி. தெரியும்" என்பதற்குப் பதிலாக, "மாதந்தோறும் 11ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.1, 20ம் தேதிக்குள் 3பி தாக்கல் செய்தேன், கொள்முதல் பில்களை 2பி பட்டியலுடன் ஒப்பிட்டு, விடுபட்டவற்றைச் சப்ளையரிடம் கேட்டுச் சரிசெய்தேன்" என்று எழுதுங்கள். இரண்டாவது வரியைப் படித்தவுடனே வேலை தெரிந்தவர் என்று புரிந்துவிடும்.

சாப்ட்வேர் பெயரையும் முழுமையாகக் குறிப்பிடுங்கள். பயன்படுத்தியது டேலி ஈ.ஆர்.பி. 9ஆ, 2020ல் வெளிவந்த டேலி பிரைமா? எக்ஸெல் என்றால் வி-லுக்அப், பிவட் டேபிள் கொண்டு என்ன செய்தீர்கள்? வேலை அனுபவம் இல்லாதவர்கள், படிக்கும்போது செய்த புராஜெக்ட், ஆடிட்டர் அலுவலகப் பயிற்சி, தேறிய டைப்ரைட்டிங் தேர்வு ஆகியவற்றை எழுதலாம். தெரியாததைத் தெரியும் என்று எழுதாதீர்கள். நேர்முகத் தேர்விலேயே கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து நான்கு வவுச்சர்களைப் போடச் சொல்லும் அலுவலகங்கள் உண்டு.

வேர்டில் தயாரிப்பது எப்படி?

1. முதலில் லேஅவுட் டேபில் சைஸ் என்பதைக் கிளிக் செய்து ஏ4 தேர்ந்தெடுங்கள். சில கம்ப்யூட்டர்களில் அமெரிக்க லெட்டர் அளவே தானாக அமைந்திருக்கும்.

2. வரிகளை நேராக நிறுத்த ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போகாதீர்கள். எழுத்துருவை மாற்றினால் எல்லாம் கலைந்துவிடும். ரூலரில் வேண்டிய இடத்தில் கிளிக் செய்து டேப் ஸ்டாப் அமைத்து, டேப் கீயைப் பயன்படுத்துங்கள்.

3. டெக்ஸ்ட் பாக்ஸ், படங்கள், வண்ணக் கட்டங்கள் வேண்டாம். பெரிய நிறுவனங்களில் பயோடேட்டாவை முதலில் படிப்பது ஒரு சாப்ட்வேர்தான். கட்டத்துக்குள் இருப்பதை அது விட்டுவிடக்கூடும். போன் நம்பரையும் ஹெட்டரில் போடாமல் பக்கத்தின் மேல்வரியிலேயே டைப் செய்யுங்கள்.

4. எப்7 தட்டி எழுத்துப்பிழை பாருங்கள். ஆனால் அதை முழுக்க நம்பாதீர்கள். எழுதுபொருளைக் குறிக்கும் ஸ்டேஷனரிக்கும், நகராமல் நிற்பதைக் குறிக்கும் ஸ்டேஷனரிக்கும் ஆங்கிலத்தில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். இரண்டும் சரியான சொற்கள் என்பதால் வேர்ட் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம்.

5. பைல் மெனுவில் இன்போ பகுதிக்குச் சென்று ஆதர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நண்பரின் பைலில் பெயரை மட்டும் மாற்றியிருந்தால், அங்கே நண்பர் பெயரே நிற்கும்!

6. சேவ் அஸ் கொடுத்து பி.டி.எப். வகையைத் தேர்ந்தெடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் என்றால் எக்ஸ்போர்ட் அஸ் பி.டி.எப். உண்டு. பைலுக்கு உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் சேர்த்துப் பெயரிடுங்கள். வெறும் "பயோடேட்டா நியூ 2" என்று அனுப்பினால் யாருடையது என்று தெரியாது.

கடைசிச் சரிபார்ப்பு

கணக்கர் வேலைக்கு அனுப்பும் தாளிலேயே கணக்கு தவறலாமா? மதிப்பெண் சதவீதத்தை மீண்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மூன்று ஆண்டு அனுபவம் என்று எழுதிவிட்டு, கீழே உள்ள தேதிகளைக் கூட்டினால் இரண்டரை ஆண்டு வரக்கூடாது. இடையில் வேலை இல்லாத காலம் இருந்தால் மறைக்க வேண்டாம். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பழைய முதலாளியின் லாபம், கடன் போன்ற விவரங்களை எழுதவே கூடாது. அவர் ரகசியத்தை வெளியிடுபவர், நாளை நம் ரகசியத்தையும் வெளியிடுவார் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும்.

ஆதார், பான், வங்கிக் கணக்கு எண்கள் பயோடேட்டாவில் வேண்டாம். வேலையில் சேரும்போது கொடுத்தால் போதும். என்.எல்.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் பணிகளுக்கு அவற்றின் இணையதளத்தில் வெளியாகும் அறிவிப்பைப் படித்து, அதில் சொன்ன முறையில் மட்டுமே விண்ணப்பியுங்கள். வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்பவரிடம் பயோடேட்டாவையும் கொடுக்காதீர்கள், பணத்தையும் கொடுக்காதீர்கள்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்கி மீண்டும் அனுப்பினார். கடலூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. 2பி பட்டியலில் பில் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதுதான் அங்கே கேட்ட முதல் கேள்வியாம். மூன்று ஆண்டுகள் செய்த வேலை அல்லவா, தடுமாறாமல் பதில் சொல்லியிருக்கிறார்.