விளக்கப்படத்தில் கோடு வேறு, எழுத்து வேறு

நமது சங்கங்கள் ஆண்டறிக்கை, அங்கத்தினர் கையேடு, பயிர்முறைத் துண்டுப் பிரசுரம் எனப் பலவற்றை அச்சிட்டு வழங்கி வருகின்றன. பத்து வரிகளில் எழுதியும் விளங்காத ஒரு விஷயம் சிறிய படம் ஒன்றினால் நொடியில் விளங்கிவிடுவதுண்டு. நூல் எங்கிருந்து வருகிறது, நெய்த துணி எங்கே செல்கிறது, கூலியில் பிடித்தம் செய்யும் தொகை யாருடைய கணக்கில் சேருகிறது என்பனவற்றைக் கட்டங்களாலும் அம்புக்குறிகளாலும் காட்டினால், எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் அறிந்துகொள்வார். ஆனால் படமே தெளிவாக இல்லாவிட்டால், படம் இல்லாதிருப்பதைக் காட்டிலும் அதிகத் தீங்கு விளையும். இதனை நான் அனுபவத்தில் கண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கம் தன் அங்கத்தினர்களுக்கென்று கையேடு ஒன்றை வெளியிட்டது. அதில் கூலி செல்லும் வழியைக் காட்டும் படம் ஒன்று இருந்தது. சங்கத்தின் எழுத்தர் அதனைத் தாளில் மையினால் அழகாகவே வரைந்திருந்தார். அதைச் செல்போனில் புகைப்படம் எடுத்து, பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கி அச்சிட்டார்கள். கூலியிலிருந்து இரண்டு அம்புக்குறிகள் புறப்பட்டன. ஒன்று நெசவாளர் கையில் பெறும் தொகை. மற்றொன்று அவர் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்குக்குச் செல்வது. சுருக்கியதில் இரண்டாவது அம்புக்குறியின் மேலிருந்த எழுத்துக்கள் மைக் கறையாகிவிட்டன. அந்தக் குறி முடிந்த கட்டமோ சங்கத்தின் கட்டத்தை ஒட்டியே இருந்தது.

மகாசபையில் முதிய நெசவாளர் ஒருவர் எழுந்து, "ஐயா, எங்கள் கூலியில் பிடிக்கிற பணம் சங்கத்துச் செலவுக்குப் போகிறது என்று உங்கள் புத்தகமே சொல்கிறதே. இத்தனை காலமும் சேமிப்பு என்றுதானே சொன்னீர்கள்?" என்று கேட்டார். சபையில் பெரும் சலசலப்பு எழுந்தது. பாஸ் புத்தகங்களை வரவழைத்து, ஒவ்வொருவர் கணக்கிலும் உள்ள வரவை வாசித்துக் காட்டிய பிறகே அமைதி ஏற்பட்டது. அச்சுப் பிரதியைப் பார்த்து "சரி" என்று கையெழுத்திட்டவன் நான். எனக்குப் படத்தின் பொருள் முன்பே தெரியும். ஆகையால் எழுத்து மங்கியிருந்தது என் கண்ணில் படவில்லை.

அடுத்த பதிப்பில் படத்தைத் திருத்த எண்ணினோம். அதற்குள் எழுத்தர் வேறு ஊருக்குச் சென்றுவிட்டார். மூலத் தாளும் கிடைக்கவில்லை. படமின்றியே கையேடு மறுபடி அச்சாயிற்று. இத்தகைய இடையூறு வாராமல் காக்கும் எளிய முறை ஒன்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறேன்.

முதலில் தவறு எங்கே நேர்ந்தது என்று பார்ப்போம். ஈய எழுத்துக்களைக் கோத்து அச்சடித்த காலத்தில் படங்களுக்கு இருவகை பிளாக்குகள் செய்தார்கள். கோட்டுச் சித்திரத்துக்கு லைன் பிளாக். புகைப்படத்துக்கு ஹாஃப்டோன் பிளாக். ஹாஃப்டோனில் படம் முழுவதும் சிறு புள்ளிகளாக உடைந்துவிடும். லைன் பிளாக்கிலோ கோடு கோடாகவே நிற்கும். கம்ப்யூட்டரிலும் இதே வேறுபாடு உண்டு. செல்போன் எடுக்கும் படம் புள்ளிகளின் கூட்டம். அதைச் சுருக்கினால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலக்கும். பெருக்கினால் படிக்கட்டுப் போல் தெரியும். கோட்டுப்படம் வரையும் நிரலோ, "இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை ஒரு கோடு" என்ற கட்டளையையே குறித்து வைக்கிறது. எந்த அளவில் அச்சிட்டாலும் அக்கட்டளை புதிதாக நிறைவேற்றப்படும்.

நெசவாளர்களுக்கு இதனை எளிதில் சொல்லலாம். சேலைக் கரையின் புகைப்படம் ஒன்று. அக்கரைக்குரிய ஜக்கார்டு அட்டைகள் மற்றொன்று. புகைப்படத்தைத் தறியில் மாட்டி நெய்ய முடியாது. அட்டைகள் இருந்தாலோ எத்தனை சேலை வேண்டுமானாலும் நெய்யலாம். ஓர் அட்டையை மாற்றி டிசைனைத் திருத்தவும் செய்யலாம். சங்கம் பாதுகாக்க வேண்டியது அட்டைகளையே.

இனி அச்சுக்கோப்பைக் கவனிப்போம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் நூத், தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப் படிகள் அழகற்றிருந்ததைக் கண்டு மனம் வருந்தி, 1977-இல் ஓர் அச்சுக்கோப்பு நிரலை உருவாக்கத் தொடங்கினார். அதுவே 'டெக்' எனப்படுவது. லெஸ்லி லாம்போர்ட் என்பவர் 1980-களில் அதன்மீது 'லாடெக்' என்னும் எளிய அமைப்பைக் கட்டினார். இவை இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. வரிகளைச் சீராக நிரப்புவதிலும், அட்டவணைகளையும் கணக்குகளையும் ஒழுங்காக அமைப்பதிலும் இவற்றுக்கு இணை சிலவே. ஆனால் படம் வரைவதில் லாடெக் ஆரம்பத்தில் மிகவும் வறியதாகவே இருந்தது. சாய்ந்த கோடு ஒன்றை வரையவும் குறிப்பிட்ட சில சாய்வுகளையே அது அனுமதித்தது. அவற்றையும் எண்களால் எழுதிக் காட்ட வேண்டும்.

இக்குறையைப் போக்கிய நிரல்களுள் ஒன்று 'எக்ஸ்ஃபிக்'. இதன் முதல் வடிவத்தை 1985-ஆம் ஆண்டளவில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் சுபோஜ் சுதந்தவிபுல் என்பவர் எழுதினார். பின்னர் பிரயன் ஸ்மித் முதலிய பலர் அதனைப் பேணி வளர்த்தனர். ஒருவர் தொடங்கியதைப் பலர் கைமாற்றி நடத்தி வந்ததால், நாற்பது ஆண்டுகள் ஆகியும் அது வழக்கில் உள்ளது. லினக்ஸ் என்னும் இயக்கமுறையில் கட்டணமின்றிக் கிடைக்கும். தோற்றம் பழமையானது, நவீன நிரல்களின் பகட்டு அதில் இல்லை. ஆயினும் கட்டமும் கோடும் அம்புக்குறியும் போதும் என்பவருக்கு அது நிறைவான கருவி.

வரையும் முறை வருமாறு: திரையின் இடப்புறத்தில் வட்டம், கட்டம், கோடு, வளைவு, எழுத்து ஆகியவற்றுக்குச் சிறு பொத்தான்கள் இருக்கும். அவற்றுக்குக் கீழே நகர்த்துதல், பிரதி எடுத்தல், அழித்தல், திருத்துதல் ஆகியவற்றுக்கான பொத்தான்கள் உண்டு. முதலில் திரையில் கட்டக்கோடுகளைத் தெரியச் செய்ய வேண்டும். கரை டிசைனுக்கு நாம் பயன்படுத்தும் கிராப் தாள் போன்றதே அது. அடுத்து, வரையும் புள்ளிகள் கால் அங்குலத்துக்கு ஒரு முறையே அமையலாம் என்று கட்டளையிட வேண்டும். அதன் பின் கை சற்று நடுங்கினாலும் கோடு பிசகாது. அருகிலுள்ள புள்ளியில் தானே சென்று நிற்கும்.

கட்டம் வரைய, எதிரெதிர் மூலைகளைக் காட்டினால் போதும். கோடு வரைய, மவுஸின் இடப் பொத்தானால் ஒவ்வொரு திருப்பத்தையும் குறித்து, நடுப் பொத்தானால் முடிக்க வேண்டும். வலப் பொத்தான் வரைவதைக் கைவிடச் செய்யும். கோட்டின் முனையில் அம்புக்குறி வேண்டுமென்று முன்னதாகவே குறித்துவிடலாம். ஒரு கட்டம் சரியாக அமைந்தபின் மற்றவற்றைப் பிரதி எடுத்துக்கொள்வதே நன்று. எல்லாம் ஒரே அளவாக இருக்கும்.

முக்கியமான படி இனிமேல்தான் வருகிறது. படத்தில் எழுத வேண்டிய சொற்களை யார் கோப்பது? பழைய லைன் பிளாக்கில் சித்திரக்காரர் எழுதிய எழுத்தே படத்தில் வந்தது. புத்தகத்தின் எழுத்து ஒருவிதமாகவும் படத்தின் எழுத்து வேறுவிதமாகவும் இருந்தன. எக்ஸ்ஃபிக் இதனை மாற்ற வழி செய்கிறது. எழுத்துக்கு 'விசேஷம்' என்னும் குறியை இட்டு, வெளியேற்றும்போது பி.டி.எஃப்.பும் லாடெக்கும் சேர்ந்த முறையைத் தேர்ந்துகொண்டால், ஒரு படத்துக்கு இரண்டு கோப்புகள் கிடைக்கும். ஒன்றில் கோடுகள் மட்டுமே இருக்கும். மற்றொன்றில் சொற்களும், அவை நிற்க வேண்டிய இடங்களும் இருக்கும். புத்தகத்தைக் கோக்கும் லாடெக்கே சொற்களையும் கோத்து, கோடுகளின்மேல் உரிய இடத்தில் வைத்துவிடும். புத்தகத்தின் எழுத்தே படத்திலும் அதே தெளிவோடு அச்சாகும்.

தமிழுக்கு இங்கே ஒரு தடை உண்டு. எக்ஸ்ஃபிக் ஆங்கில எழுத்தை முன்னிட்டு எழுந்த நிரல். கொம்பும் காலும் சேர்ந்து அமையும் நம் எழுத்துக்களை அதன் திரையில் நம்பி எழுத இயலாது. ஆனால் திரையில் தமிழ்ச் சொல்லையே எழுத வேண்டுமென்பதில்லை. கூலி, சேமிப்பு, நூல் என்பவற்றுக்கு ஆங்கில எழுத்தில் சிறு குறிப்பெயர்களை, பின்பக்கம் சாய்ந்த கோட்டை முன்னே இட்டு எழுதினால் போதும். அக்குறிப்பெயர் ஒவ்வொன்றுக்கும் உரிய தமிழ்ச் சொல்லைப் புத்தகத்தின் மூலக் கோப்பில் ஒருமுறை வரையறுத்துவிடலாம். ஜோனதன் கியூ 2004-இல் வெளியிட்ட 'சீடெக்' தமிழ் எழுத்துக்களை முறையாக அமைக்கும். அதன் துணையுடன் லாடெக்கை இயக்கினால், குறிப்பெயர் இருந்த இடத்தில் நல்ல தமிழ்ச் சொல் வந்து நிற்கும். இதில் மற்றொரு நன்மையும் உண்டு. சொல்லை மாற்ற விரும்பினால் படத்தைத் தொடவே வேண்டுவதில்லை. வரையறையில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

அனுபவத்தில் கண்ட சில எச்சரிக்கைகளையும் சொல்கிறேன்.

முதலாவது, படத்தை அச்சில் வரவேண்டிய அளவிலேயே வரைக. பெரிதாக வரைந்து பின்னர் சுருக்கினால், கோடு ஒரு படத்தில் மெலிந்தும் மற்றொன்றில் தடித்தும் தோன்றும்.

இரண்டாவது, தமிழ்ச் சொற்கள் நீளமானவை. திரையில் தெரியும் சிறிய குறிப்பெயரைப் பார்த்துக் கட்டத்தை அளவிடலாகாது. அச்சில் வரும் சொல்லின் நீளத்தைக் கருதி இடம் விடுக. எழுத்தை நடுவிலிருந்து இருபுறமும் பரவுமாறு அமைத்தால், சொல் நீண்டாலும் ஒரு பக்கமாகச் சாயாது.

மூன்றாவது, ஒன்றன்மேல் ஒன்று படியும் உருவங்களுக்கு 'ஆழம்' என்ற எண் உண்டு. 0 முதல் 999 வரை அமையும் இவ்வெண்ணில் சிறியது மேலே நிற்கும். அம்புக்குறி கட்டத்தின் பின்னே மறைந்துவிட்டால் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

நான்காவது, நிறத்தை மட்டும் நம்பிப் பொருளைக் காட்டாதீர். சிவப்பும் பச்சையும் கறுப்பு அச்சில் ஒன்றாகிவிடும். முழுக் கோடு பொருள் செல்வதையும், விட்டுவிட்ட கோடு பணம் செல்வதையும் குறிக்கட்டும்.

விவசாய அங்கத்தினர்களுக்கும் இது பயன்படும். செம்மை நெல் சாகுபடியில் 25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நடுவதைக் காட்ட வேண்டுமெனக் கொள்வோம். திரையின் அளவைச் சென்டிமீட்டரில் வைத்துக்கொண்டு, தாளில் 1 செ.மீ. என்பது வயலில் 25 செ.மீ. என்று கொள்க. ஒரு குத்தை வரைந்து 1 செ.மீ.க்கு ஒன்றாகப் பிரதி எடுத்தால், 4 செ.மீ. சதுரத்துள் 16 குத்துகள் அமையும். அதுவே வயலில் ஒரு சதுர மீட்டர். அளவுகோலை வைத்துப் பார்க்கும் விவசாயிக்குப் படம் பொய் சொல்லாது.

இறுதியாக, எக்ஸ்ஃபிக் சேமிக்கும் மூலக் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது வெறும் எழுத்தும் எண்ணும் கொண்ட கோப்பு. முதல் வரியில் அதன் வகையும் பதிப்பு எண்ணும் இருக்கும். பின்வரும் வரிகளில் கட்டம், கோடு, எழுத்து ஒவ்வொன்றும் எங்கே நிற்கின்றன என்பது அங்குலத்தை 1200 பாகமாக்கிய அளவில் எழுதப்பட்டிருக்கும். வரைந்தவர் சென்றுவிட்டாலும், வேறொருவர் திறந்து படித்துத் திருத்தலாம். ஆகையால் அச்சான புத்தகத்தை மட்டும் அலமாரியில் வைத்துத் திருப்தியடையாமல், மூலக் கோப்பையும் வரையறைக் கோப்பையும் சங்கத்தின் பதிவேடுகளோடு சேர்த்து, இரண்டு பிரதிகளாகப் பாதுகாக்க வேண்டும். படம் வரைந்தவருடைய சொத்து அன்று. சங்கத்தின் பொதுச் சொத்து.

நான் முன்பு கூறிய சங்கத்தின் கூலிப் படத்தை இம்முறையில் மீண்டும் வரைந்தோம். சேமிப்புக் கட்டத்தைச் சங்கத்தின் கட்டத்திலிருந்து விலக்கி, நெசவாளர் கட்டத்தின் கீழே வைத்தோம். இம்முறை நான் கையெழுத்திடுவதற்கு முன், மகாசபையில் கேள்வி கேட்ட அந்தப் பெரியவரிடமே அச்சுப் படியைக் கொடுத்தேன். ஒன்றும் விளக்கிச் சொல்லவில்லை. அவர் விரலை அம்புக்குறியின்மேல் மெல்ல நகர்த்திக்கொண்டு போய், "இது என் கணக்குக்கு வருகிறது" என்றார். அதன் பிறகே "சரி" என்று எழுதினேன்.

சங்கந்தோறும் கம்ப்யூட்டர் பழகிய இளைஞர் ஒருவரேனும் இருக்கக்கூடும். அவரைக் கொண்டு இம்முறையைக் கற்கச் செய்வதும், அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு படத்தையும் அதன் பொருளை முன்னறியாத அங்கத்தினர் இருவரிடம் காட்டிக் கேட்பதும் நிர்வாகக் குழுவினரின் கடமையாகும். தம் பணம் செல்லும் வழியை அங்கத்தினர் தம் கண்ணாலேயே கண்டறியும் சங்கத்தில் ஐயத்துக்கு இடமிராது.