பெயர் தெரியாத ரைடர்: சைக்கிள் ஓட்டுறவங்க உடம்புல ஏன் ஒரு போன் நம்பர் இருக்கணும்?

எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.

பேப்பர்ல மாவட்டச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி வர்ற ஒரு வாக்கியம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சுமார் 30 வயது மதிக்கத்தக்க ஆண் சடலம், இவர் யார், எந்த ஊரைச் சேர்ந்தவர் என போலீசார் விசாரித்து வருகின்றனர். நாம படிச்சுட்டு அடுத்த செய்திக்குப் போயிடுவோம். யாரோ ஆதரவு இல்லாதவர்னு மனசு தானா முடிவு பண்ணிடும்.

ஆனா ஒருத்தர் அந்த வாக்கியத்துக்குள்ள போக ஏழையா, அனாதையா இருக்கணும்னு அவசியம் இல்லை. அவர் யார்னு சொல்ற எதுவும் அவர் உடம்புல இல்லாம இருந்தாலே போதும். விடியக்காலை 5 மணிக்கு ஈசிஆர்ல முட்டுக்காடு பக்கம் சைக்கிள் ஓட்டுறவங்களை யோசிச்சுப் பாருங்க. ஜெர்சி, ஹெல்மெட், ரெண்டு தண்ணி பாட்டில். பர்ஸ் வீட்டுல. டீக்குக்கூட யுபிஐ தான். போன் இருக்கு, ஆனா லாக் ஆகியிருக்கு. தனியா போற அந்த ரைடர் கீழ விழுந்து பேச முடியாம போயிட்டா, சாலையில இருக்கறவங்களுக்கு அவர் ஒரு 30 வயது மதிக்கத்தக்க நபர். அவ்வளவுதான்.

இன்னிக்கு அதைப் பத்திதான் பேசப் போறோம்.

முதுகுல நம்பர் இருந்தவர்

2018 ஏப்ரல் 8. பிரான்ஸ்ல பாரிஸ்–ரூபே ரேஸ். கருங்கல் பாவிய பழைய சாலைகள்ல ஓட்டுற, ரொம்பக் கடினமான ஒரு நாள் போட்டி. அதுல பெல்ஜியத்தைச் சேர்ந்த மிக்கேல் கூலார்ட்ஸ்னு ஒரு வீரர் சாலையோரத்துல விழுந்தார். வயசு 23. முதல்ல எல்லாரும் விழுந்ததுல அடிபட்டிருக்குன்னு நினைச்சாங்க. பிரேதப் பரிசோதனையில தெரிஞ்சது வேற: முதல்ல இதயம் நின்னிருக்கு, அதனாலதான் அவர் விழுந்திருக்கார். ஹெலிகாப்டர்ல லீல் நகர மருத்துவமனைக்குக் கொண்டு போனாங்க. அன்னிக்கு ராத்திரி இறந்துட்டார். கடைசி நேரத்துல குடும்பத்தினர் பக்கத்துல இருந்தாங்கன்னு அவரோட அணி அறிவிச்சது.

அந்தக் கடைசி வரியைக் கவனிங்க. உயிரைக் காப்பாத்த முடியலை. ஆனா குடும்பம் வந்து சேர்ந்தது. ரேஸ்ல ஒருத்தர் விழுந்தா அவர் யார்னு யாரும் கேட்க வேண்டியதில்லை. முதுகுல நம்பர் இருக்கு, லிஸ்ட்ல பேர் இருக்கு, பின்னாடியே அணியோட கார் வருது.

நம்ம நாட்டுல ஒண்ணு. 2024 பிப்ரவரி 28, நவி மும்பை பாம் பீச் ரோடு. அவ்தார் சைனி, வயசு 68. இன்டெல் இந்தியாவின் முன்னாள் தலைவர். 386, 486 சிப்களோட வடிவமைப்புல வேலை பார்த்தவர். நம்மள்ல நிறைய பேர் முதல்ல தொட்ட கம்ப்யூட்டருக்குள்ள அவர் உழைப்பு இருந்திருக்கும். காலையில சைக்கிள் ஓட்டிட்டு இருந்தப்போ பின்னாடி வந்த டாக்சி மோதி இறந்தார். கூட ஓட்டிட்டு இருந்த நண்பர்கள்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க.

ஒருத்தருக்கு நம்பர், இன்னொருத்தருக்கு நண்பர்கள். தனியா போற நமக்கு ரெண்டுமே இல்லை.

"எனக்கு 28 தான் ப்ரோ"

வண்டி மோதுறது ஒரு ஆபத்து. இன்னொண்ணு திடீர் இதய நிறுத்தம், அதாவது இதயத் துடிப்பே நின்னு போறது. 35 வயசுக்கு மேல இதுக்கு முக்கியக் காரணம் இதய ரத்தக் குழாய் அடைப்பு. அதுக்குக் கீழ, பிறவியிலேயே வர்ற இதயத் தசைக் கோளாறும் இதயத்தோட மின் ஓட்டக் கோளாறும் முக்கியக் காரணங்கள். இதுல பலதும் வெளியில தெரியாது. உடற்பயிற்சி மொத்தத்துல இதயத்துக்கு நல்லதுதான், அதுல சந்தேகம் வேண்டாம். ஆனா ஏற்கெனவே மறைஞ்சிருக்கிற ஒரு கோளாறை கடுமையான முயற்சி சில நேரம் தூண்டிவிடும். ஓட்டும்போது நெஞ்சு வலி, மயக்கம் வந்தாலோ, குடும்பத்துல சின்ன வயசுல திடீர்னு இறந்தவங்க இருந்தாலோ டாக்டரைப் பாருங்க. தள்ளிப் போடாதீங்க.

நம்ம டாபிக்குக்கு முக்கியமான விஷயம் இது: இதயம் நின்னா சில நொடிகள்லயே நினைவு போயிடும். என் பேர் இது, அப்பா நம்பர் இதுன்னு சொல்ல நேரமே கிடைக்காது. தலையில அடிபட்டாலும் அதே கதைதான்.

பேர் தெரியலைன்னா சிகிச்சை நிக்குமா?

நிக்காது. 108 வந்தா ஐடி கேட்டுட்டு நிக்க மாட்டாங்க. சாலை விபத்துன்னா தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல தொடங்கின 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்துல முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். நீங்க எந்த ஊர்க்காரர்ங்கறது அங்க பிரச்சினை இல்லை.

அப்போ ஐடி எதுக்கு? மூணு விஷயத்துக்கு.

ஒண்ணு, உங்க உடம்போட பின்கதை. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவருக்குத் தலையில அடிபட்டா டாக்டர் முடிவு எடுக்கிற விதமே மாறும். இன்சுலின் போடுறவருக்குச் சர்க்கரை ரொம்பக் குறைஞ்சா நாக்கு குழறும், தள்ளாடுவார். பார்க்கிறவங்க குடிச்சிருக்கார்னு நினைச்சு ஒதுங்கிப் போயிடலாம். கையில 'சர்க்கரை நோய், இன்சுலின்'னு ரெண்டு வார்த்தை இருந்தா கதையே வேற.

ரெண்டு, வீட்டுக்குத் தகவல். மருத்துவம் காத்திருக்காது, ஆனா மத்ததெல்லாம் காத்திருக்கும். உங்க பழைய ரிப்போர்ட், யாருக்கும் தெரியாத அலர்ஜி, பெரிய ஆபரேஷனுக்கு ஒரு கையெழுத்து, பக்கத்துல உட்கார ஒரு ஆள்.

மூணு, பேசக் கஷ்டமானது. அந்த இடத்துலயே இறந்துட்டா, உடல் அரசு ஆஸ்பத்திரி பிணவறைக்குப் போகும். அந்த ஏரியா ஸ்டேஷன்ல அடையாளம் தெரியாத உடல்னு வழக்குப் பதிவாகும். வீட்டுக்காரங்க தேட ஆரம்பிச்சா வேற ஒரு ஸ்டேஷன்ல காணவில்லைன்னு புகார் கொடுப்பாங்க. இந்த ரெண்டு ஃபைலும் ஒரே ஆளைப் பத்தினதுன்னு யாராவது கண்டுபிடிக்கணும்.

அதுவும் யார் தேடுவாங்க? நம்ம வயசுல பாதிப் பேர் பிஜியிலயோ ரூம்மேட்ஸ் கூடவோ இருக்கோம். அப்பா அம்மா திருநெல்வேலியிலயோ சேலத்துலயோ. சனிக்கிழமை காலையில ரைடு போனவர் மதியம் வரலைன்னா, "ஏதாவது படத்துக்குப் போயிருப்பான்"னு ரூம்மேட் நினைப்பார். ஊர்ல அம்மா, ஆபீஸ் வேலையா இருப்பான்னு நினைப்பாங்க. ஞாயிறு ராத்திரி வரைக்கும்கூட யாரும் தேடாம இருக்கலாம்.

ஆதார்ல கைரேகை வெச்சா தெரிஞ்சிடாதா?

நான் பேசின நிறைய பேர் கேட்ட கேள்வி. சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு ஈசியா புரியும். ஆதார் சரிபார்ப்பு எப்படி வேலை செய்யுதுன்னா, நீங்க முதல்ல ஆதார் எண்ணைக் கொடுக்கணும், அப்புறம் விரலை வைக்கணும். இந்த விரல் இந்த எண்ணுக்கு உரியதா? ஆமா, இல்லை. அவ்வளவுதான் பதில். எண்ணே தெரியாம விரலை மட்டும் வெச்சு "இது யார்?"னு கேட்கிறது வேற கேள்வி. போலீஸ் போய்க் கேட்கிற மாதிரி அப்படி ஒரு சேவையே கிடையாது. 2016 ஆதார் சட்டத்தோட 29ஆம் பிரிவும் கைரேகை, கருவிழிப் பதிவை எந்தக் காரணத்துக்காகவும் யாரோடும் பகிரக்கூடாதுன்னு சொல்லுது. நம்ம தனியுரிமைக்கு அது நல்ல விஷயம். ஆனா ரோட்டுல கிடக்கிறவரோட விரல் அவர் பேரைச் சொல்லாது. டிஜிலாக்கர்ல ஆதார் இருக்குன்னாலும், அது லாக் ஆன போனுக்குள்ள இருக்கு.

போன் எவ்வளவு தூரம் உதவும்?

2005ல பாப் பிராட்சின்னு இங்கிலாந்து பாராமெடிக் ஒருத்தர் ஒரு யோசனை சொன்னார். உங்க காண்டாக்ட் லிஸ்ட்ல 'ஐஸ்'னு ஒரு பேர்ல வீட்டு நம்பரை வைங்க, அவசரத்துல நாங்க அதைப் பார்த்துக் கூப்பிடுறோம்னு. அந்த வருஷம் ஜூலை லண்டன் குண்டுவெடிப்புக்கு அப்புறம் இது வேகமா பரவிச்சு. அது பட்டன் போன் காலம். யார் எடுத்தாலும் திறக்கும். இன்னிக்கு உங்க போன் உங்க முகத்துக்கு மட்டும்தான் திறக்கும்.

அதனால இப்போ வழி லாக் ஸ்க்ரீன். ஐபோன்ல ஹெல்த் ஆப்ல மெடிக்கல் ஐடியை நிரப்பி, 'லாக் ஆனாலும் காட்டு'ங்கற ஆப்ஷனை ஆன் பண்ணுங்க. ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ்ல சேஃப்டி அண்ட் எமர்ஜென்சிக்குள்ள போய் மருத்துவத் தகவலும் அவசரத் தொடர்பும் சேருங்க. லாக் ஸ்க்ரீன்ல எமர்ஜென்சியைத் தட்டினா அது தெரியும். அஞ்சு நிமிஷ வேலை. இந்த எபிசோடை நிறுத்திட்டுச் செஞ்சுட்டு வாங்க.

ஆனா அது மட்டும் போதாது. விழுந்ததுல போன் உடையலாம், எங்கயோ தெறிக்கலாம், யாராவது எடுத்துட்டுப் போகலாம். உதவ வர்ற டீக்கடை அண்ணனுக்கு எமர்ஜென்சியைத் தட்டினா தகவல் வரும்னு தெரியாமலும் இருக்கலாம். சைக்கிள் கம்ப்யூட்டர், வாட்ச்ல விழுந்தா தானா மெசேஜ் அனுப்புற வசதி நல்லதுதான். பெரும்பாலும் அதுக்கும் போன்ல சார்ஜும் சிக்னலும் வேணும். எல்லாமே ஒரே சர்வரை நம்பி இருந்தா என்ன ஆகும்னு நமக்குச் சொல்லித் தர வேண்டாம். பேக்கப் வேணும், அது பேட்டரி இல்லாததா இருக்கணும்.

எதை எழுதணும், எங்க வைக்கணும்?

உங்க பேர், பிறந்த வருஷம். ரெண்டு போன் நம்பர், உறவு என்னன்னு பக்கத்துல: அப்பா, மனைவி, ரூம்மேட். ஒண்ணு உள்ளூர் ஆளோடது, சீக்கிரம் வந்து சேர்றவர். நோய், மாத்திரை, அலர்ஜி இருந்தா அது. தமிழ்லயும் இங்கிலீஷ்லயும்.

ரத்த வகை எழுதுறதுல தப்பில்லை, ஆனா அதை மட்டும் எழுதிட்டு நிம்மதியா இருக்காதீங்க. நீங்க எழுதினதை நம்பி யாரும் ரத்தம் ஏத்த மாட்டாங்க. ஆஸ்பத்திரியில டெஸ்ட் பண்ணித்தான் ஏத்துவாங்க. இடம் குறைவா இருந்தா ரத்த வகையை விட்டுட்டு ரெண்டாவது போன் நம்பரை எழுதுங்க.

வைக்கிற இடம் உடம்பு. சைக்கிள் இல்லை. சீட்டுக்குக் கீழ பையில வெச்சா, ஆம்புலன்ஸ் உங்களைத் தூக்கிட்டுப் போகும், சைக்கிள் ரோட்டோரமா கிடக்கும். ஹெல்மெட்டைக் கழட்டிடுவாங்க. ஜெர்சியைக் கத்திரியால வெட்டிடுவாங்க. மணிக்கட்டுல ஒரு பட்டை, கழுத்துல எழுத்து பொறிச்ச தகடு, இது ரெண்டும் உங்களோடயே வரும். சாவி செய்யுற கடை, ஷீல்டு கடைகள்ல கேட்டா பொறிச்சுக் கொடுப்பாங்க. அது வர்ற வரைக்கும் லேமினேட் பண்ண ஒரு சீட்டு போன் கவருக்குள்ள, இன்னொண்ணு ஜெர்சி பாக்கெட்ல. ஆதார் நகல்ல முகவரி இருக்கும், ஆனா யாரைக் கூப்பிடணும்னு இருக்காது.

மறுமுனையில போன் எடுக்கணும்

நிறைய பேர் விட்டுடுற பகுதி இது. காலை ஆறு மணிக்கு உங்க வீட்டுக்கு வரப்போற கால் உங்க நம்பர்ல இருந்து வராது. ஒரு கான்ஸ்டபிள் நம்பர், இல்லைன்னா வழிப்போக்கர் நம்பர். வீட்டுல போன் சைலன்ட்ல இருக்கும், இல்லைன்னா ஸ்பேம்னு நினைச்சு கட் பண்ணுவாங்க. அதனால "நான் ரைடு போற அன்னிக்கு தெரியாத நம்பர் வந்தாலும் எடுங்க"ன்னு இப்பவே சொல்லி வைங்க. டூ நாட் டிஸ்டர்ப்ல, திரும்பத் திரும்ப வர்ற காலை அனுமதிக்கிற ஆப்ஷன் இருக்கு, அதை அவங்க போன்ல ஆன் பண்ணிக் கொடுங்க. கிளம்பும்போது ரூம்மேட்டுக்கு ஒரு மெசேஜ்: எந்த ரூட், எத்தனை மணிக்குத் திரும்புவேன், வரலைன்னா எப்போ தேடணும்.

கடைசியா, விழுந்து கிடக்கிறது நீங்க இல்லாம வேற ஒருத்தரா இருந்தா? 108க்குக் கூப்பிடுங்க. கூப்பிட்டா பதில் இல்லை, மூச்சும் இயல்பா இல்லைன்னா நெஞ்சு நடுவுல நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை வேகமா, ஆழமா அழுத்துங்க. அப்புறம் மணிக்கட்டு, கழுத்து, பாக்கெட் பாருங்க. போலீஸ் கேஸ்ல மாட்டிப்போம்னு பயப்படாதீங்க. 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துல சேர்த்த 134ஏ பிரிவு, சாலை விபத்துல நல்லெண்ணத்தோட உதவுறவங்களுக்குப் பாதுகாப்பு கொடுக்குது. உங்க பேரைச் சொல்லணும்னுகூட கட்டாயப்படுத்த முடியாது.

ஆனா அவர் பேர் யாருக்காவது தெரிஞ்சாகணும். எங்கயோ ஒரு வீட்டுல அவருக்காக டிபன் மூடி வெச்சிருப்பாங்க. இந்த வாரம் உங்க ரைடிங் குரூப்ல இந்த எபிசோடைப் போடுங்க, சனிக்கிழமைக்குள்ள எல்லாரும் ஒரு சீட்டாவது எழுதி வைங்க. பத்திரமா ஓட்டுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.