சாராஸ் கீ (நாவல்)

சாராஸ் கீ (சாராவின் சாவி) பிரெஞ்சு–ஆங்கிலேயப் பின்னணி கொண்ட எழுத்தாளர் தாத்தியானா த ரோனே ஆங்கிலத்தில் எழுதிய வரலாற்று நாவல். 2007-ல் வெளிவந்தது. 1942-ஆம் ஆண்டின் பாரிஸ், அறுபதாண்டுகளுக்குப் பிந்தைய பாரிஸ் என இரு காலங்களில் கதை மாறி மாறி நடக்கிறது.

வரலாற்றுப் பின்னணி

1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸிலும் சுற்றுப்புறங்களிலும் யூதர்கள் 13,000-க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். அவர்களில் 4,000-க்கும் அதிகமானோர் குழந்தைகள். குடும்பங்களாகப் பிடிபட்டவர்கள் 'வெலோத்ரோம் தீவெர்' என்னும் உள்ளரங்க சைக்கிள் பந்தய மைதானத்தில் போதிய உணவோ நீரோ இன்றிச் சில நாட்கள் அடைக்கப்பட்டு, பின் முகாம்களுக்கும் அங்கிருந்து ஆஷ்விட்ஸுக்கும் அனுப்பப்பட்டனர். ஆணையின் பின்னால் ஜெர்மனி இருந்தது. ஆனால் வீடுவீடாகச் சென்று கதவைத் தட்டியவர்கள் பிரெஞ்சுக் காவலர்கள். இதில் பிரெஞ்சு அரசுக்கு இருந்த பொறுப்பை அதிபர் ஜாக் ஷிராக் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது 1995-ல்தான். மைதானம் 1959-லேயே இடிக்கப்பட்டுவிட்டது.

கதைச்சுருக்கம்

வந்திருப்பவர்கள் பேசுவது பிரெஞ்சு மொழி என்பதால் பத்து வயது சாராவுக்கு முதலில் பெரிய அச்சம் எழவில்லை. நான்கு வயதுத் தம்பி மிஷேலைச் சுவரோடு சேர்ந்த ரகசிய அலமாரியில் ஒளித்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்கிறாள். சில மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்பது அவள் கணக்கு. ஆனால் மைதானத்திலும் போன்-லா-ரோலாந்த் முகாமிலும் நாட்கள் கழிகின்றன. பெற்றோரைப் பிரிந்து, முகாமிலிருந்து தப்பி, ஒரு முதிய விவசாயத் தம்பதியின் துணையுடன் அவள் பாரிஸுக்குத் திரும்பும்போது அந்த வீட்டில் வேறொரு குடும்பம் குடியிருக்கிறது. அலமாரியில் தம்பியின் உடல் மட்டுமே இருக்கிறது.

2002-ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜூலியா இந்நிகழ்வின் அறுபதாம் ஆண்டையொட்டிக் கட்டுரை எழுத முனைகிறார். அன்று அந்த வீட்டில் குடியேறியது தன் கணவரின் குடும்பமே என்று அறிகிறார். கதவைத் திறந்த சிறுவன் இன்று அவருடைய மாமனார்.

மதிப்பீடு

சாராவின் பகுதிகள் படர்க்கையிலும் ஜூலியாவின் பகுதிகள் தன்மையிலும் சொல்லப்படுகின்றன. நாவலின் பாதிவரை அந்தச் சாவிதான் இரண்டையும் இழுத்துச் செல்கிறது. வாசகர் பெரியவரின் அறிவோடு நாட்களை எண்ணுகிறார். சாரா குழந்தையின் நம்பிக்கையோடு எண்ணுகிறாள். அலமாரி திறந்தபின் சாராவின் குரல் நின்றுவிடுகிறது. ஜூலியாவின் மணவாழ்க்கைச் சிக்கல்கள் அந்த இடத்தை நிரப்பப் போதுமானவை அல்ல, தற்செயல்களும் கூடிவிடுகின்றன.

எனினும் பிற்பகுதியில் ஓர் இழை வலுவானது. மாமனார் அறுபது ஆண்டுகளாக வாய் திறக்கவில்லை. அவருடைய தந்தையோ சாராவின் வளர்ப்புக்காக யாருக்கும் தெரியாமல் பணம் அனுப்பி வந்திருக்கிறார். அமெரிக்காவில் குடியேறிய சாராவும் தன் மகனிடம் எதையும் சொல்லவில்லை. தாய் யூதர் என்பதைக்கூட அவர் ஜூலியாவிடமிருந்தே அறிகிறார், அறிந்ததும் சினம் கொள்கிறார். உண்மையைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு நன்றி கிடைக்கும் என்று நாவல் பாசாங்கு செய்வதில்லை.

திரைப்படம்

2010-ல் ஜில் பாக்கே-பிரெனர் இயக்கத்தில் பிரெஞ்சில் படமானது. ஜூலியாவாகக் கிறிஸ்டின் ஸ்காட் தாமஸ் நடித்தார்.