உரிமம் யார் பெயரில்?

மைசூரில் கடல் இல்லை. ஆனால் கடல் மீன் உண்டு. மங்களூரிலும் மல்பேயிலும் கரை இறங்கும் மீன், பனிக்கட்டிப் பெட்டிகளில் ஏறி, மலை கடந்து இங்கே வருகிறது. மைசூரில் பங்குடே என்று கேட்டு வாங்குகிறோம். அதையே தமிழ்நாட்டில் கானாங்கெளுத்தி என்பார்கள். கன்னியாகுமரிப் பக்கம் அயிலை என்பார்கள். மீன் ஒன்றுதான். பெயர்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

மீன் வாங்கும்போது விலை கேட்கிறோம். புதிதா என்று செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். இந்த மீனைப் பிடிக்க யாருக்கு அனுமதி என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் பல லட்சம் மீனவரின் பிழைப்பு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

மீன்பிடிப் படகுக்கு இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று பதிவு. இன்னொன்று உரிமம். பேருந்தை எண்ணிப் பாருங்கள். பேருந்துக்கு ஆர்.சி. புத்தகம் உண்டு. வண்டி யாருடையது என்று அது சொல்லும். எந்தத் தடத்தில் ஓடலாம் என்று சொல்வது பெர்மிட். படகுக்கும் அப்படித்தான். படகு யாருடையது என்று பதிவு சொல்லும். கடலில் மீன் பிடிக்கலாம் என்று உரிமம் சொல்லும். பதிவு மட்டும் இருந்தால் போதாது.

கடலுக்கும் எல்லை உண்டு. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை, அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை, மீன்பிடிப்பை ஒழுங்கு செய்வது மாநில அரசு. அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை மத்திய அரசின் பொறுப்பு. அது சுமார் 370 கிலோமீட்டர்.

மாநிலச் சட்டங்கள் சும்மா வந்துவிடவில்லை. முன்பு கட்டுமரமும் வள்ளமும்தான் கடலில் இருந்தன. பிறகு விசைப்படகுகள் வந்தன. அவை இழுவை மடியைக் கட்டிக் கடலடியை வாரின. கரை ஓரத்தில் மீன் குறைந்தது. நாட்டுப்படகுக்காரரின் வலைகள் அறுந்தன. கடலிலும் கரையிலும் சண்டை நடந்தது. உயிர்களும் போயின. அதன் பிறகே சட்டம் வந்தது. கேரளத்தில் 1980-இல், தமிழ்நாட்டில் 1983-இல், கர்நாடகத்தில் 1986-இல் வந்தது. தமிழ்நாட்டில் கரையிலிருந்து 3 கடல் மைல் வரை நாட்டுப்படகுக்கு ஒதுக்கப்பட்டது. அதற்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது. இந்த விதியை மீறுகிறார்கள் என்ற புகார் இன்றும் ஓயவில்லை.

சரி, உரிமம் யார் பெயரில் இருக்கும்? படகு உடைமையாளர் பெயரில். வலை இழுக்கிறவர் பெயரில் அல்ல. விசைப்படகில் எட்டுப் பேர், பத்துப் பேர் போவார்கள். மீன் விற்ற பணத்தில் டீசல், பனிக்கட்டி, சாப்பாட்டுச் செலவு முதலில் கழியும். மீதியில் உடைமையாளருக்கு ஒரு பங்கு, தொழிலாளருக்கு ஒரு பங்கு. உடைமையாளரே படகில் போவதும் உண்டு. கரையில் இருந்தபடி கணக்குப் பார்ப்பதும் உண்டு.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் என்ற ஊர் இருக்கிறது. அந்தப் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். கொச்சியிலும் மங்களூரிலும் தங்கித் தொழில் செய்கிறார்கள். அங்கே உறவினர் சிலர் பணம் போட்டு ஒரு படகு வாங்குவது வழக்கம். பங்காளிகளே அதில் கடலுக்கும் போவார்கள்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. இந்த ஊர்க்காரர் பலர் அப்போது நடுக்கடலில் இருந்தார்கள். எத்தனை படகு, எத்தனை பேர் என்ற கணக்கே முதல் நாட்களில் தெளிவாக இல்லை. தாளில் உடைமையாளர் பெயர் இருக்கும். படகில் யார் யார் ஏறினார்கள் என்று எழுதியிருந்தால்தானே தேட முடியும்? எத்தனையோ வீடுகளில் பெண்கள் நாள் கணக்கில் கரையில் காத்திருந்தார்கள். பலர் திரும்பவே இல்லை.

ஆழ்கடல் உரிமத்தின் கதை வேறு. 1991-இல் மத்திய அரசு ஒரு புதிய கொள்கை கொண்டு வந்தது. இந்தியக் கம்பெனியும் வெளிநாட்டுக் கம்பெனியும் கூட்டாகக் கப்பல் விடலாம் என்றது. பெரிய கப்பல்கள் மீனை வாரிக்கொண்டு போனால் நமக்கு என்ன மிஞ்சும் என்று மீனவர்கள் கேட்டார்கள். 1994 நவம்பரில் இரண்டு நாள் நாடெங்கும் வேலைநிறுத்தம் நடந்தது. இதில் ஓர் அதிசயம் உண்டு. கடலில் அடித்துக்கொண்ட விசைப்படகுக்காரரும் நாட்டுப்படகுக்காரரும் இதற்காக ஒன்றாக நின்றார்கள்.

கேரளத்தைச் சேர்ந்த பாதிரியார் தாமஸ் கோச்சேரி இந்தப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவர். காந்தி பிறந்த போர்பந்தரில் 1995-இல் அவர் உண்ணாவிரதம் இருந்தார். அந்த ஆண்டு அரசு முராரி குழுவை அமைத்தது. குழு 1996-இல் அறிக்கை கொடுத்தது. கூட்டுக் கப்பல்களுக்குப் புதிய உரிமம் கூடாது, பழையதைப் புதுப்பிக்கவும் கூடாது என்றது. நம் மீனவருக்கே ஆழ்கடல் தொழிலைப் பழக்க வேண்டும் என்றும் சொன்னது. 1997-இல் அரசு அதை ஏற்றது.

அதோடு முடியவில்லை. வெளிநாட்டில் கட்டிய கப்பலை இந்தியக் கம்பெனிகள் கொண்டுவர அனுமதிக் கடிதம் கொடுக்கும் முறை வந்தது. பெயர்தான் இந்தியக் கம்பெனி, உண்மை முதலாளி வெளியே இருக்கிறார் என்று மீனவர் அமைப்புகள் குறை சொல்லி வந்தன. நிலத்தில் பினாமி என்று கேட்டிருக்கிறோம். கடலிலும் அதுதான் நடக்கிறது என்பது அவர்கள் வாதம். 2017-இல் அந்த முறையும் கைவிடப்பட்டது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியது அல்ல. கனடாவின் கிழக்குக் கரையில் கரையோர மீன்பிடிக்கு ஒரு விதி உண்டு. உரிமம் வைத்திருப்பவரே கடலுக்குப் போய் மீன் பிடிக்க வேண்டும். மீன் கம்பெனிகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தன. மீனவருக்குக் கடன் கொடுத்து ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. உரிமம் மீனவர் பெயரில் இருந்தது. லாபமும் முடிவும் கம்பெனி கையில் இருந்தன. இதைத் தடுக்க 2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2021 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் நடப்புக்கு வந்தன. அதே நாட்டின் மேற்குக் கரையில் இப்படி விதி இல்லை. கம்பெனி உரிமம் வாங்கி வாடகைக்கு விடலாம். வாடகை கொடுத்தது போக மிஞ்சுவதுதான் படகோட்டிக்கு. ஒரே நாடு, இரண்டு கரை, இரண்டு வாழ்க்கை.

நம் ஊரில் கம்பெனி ஒப்பந்தம் குறைவு. ஆனால் முன்பணம் உண்டு. வலை வாங்கவும் எஞ்சின் வாங்கவும் வியாபாரியிடம் கடன் வாங்குவார்கள். பிடித்த மீனை அவருக்கே போட வேண்டும். விலையை அவர்தான் சொல்வார். தாளில் படகு மீனவருடையது. மீன் யாருடையது?

2025 நவம்பரில் மத்திய அரசு ஆழ்கடலுக்குப் புதிய விதிகள் வெளியிட்டது. 12 கடல் மைலுக்கு அப்பால் போகும் விசைப்படகுக்கு இப்போது ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. கணினி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். நாட்டுப்படகில் போகும் சிறு மீனவருக்கு, எஞ்சின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தச் சீட்டு தேவையில்லை. வெளிநாட்டுக் கப்பலுக்கு இடமில்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை உண்டு.

சங்கத்துக்கு முன்னுரிமை என்பது நல்ல விதிதான். ஆனால் ஆழ்கடல் படகுக்குப் பெரும் பணம் வேண்டும். சங்கத்துக்கு அந்தப் பணம் எங்கிருந்து வரும்? வங்கிக் கடனாக வந்தால் ஒரு மாதிரி. பெரிய வியாபாரியின் முன்பணமாக வந்தால் வேறு மாதிரி. சீட்டில் இரண்டுக்கும் சங்கத்தின் பெயர்தான் இருக்கும். வித்தியாசம் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் தெரியும். அதைக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லிக் கேட்க ஒவ்வொரு உறுப்பினருக்கும் உரிமை உண்டு.