உரசினால் மருந்து, அள்ளினால்?

பினாங்கு போய் வந்தவர் பெட்டியைத் திறந்தால் ஜாதிக்காய்த் தைலம் ஒரு புட்டியாவது இருக்கும். சூலியா தெருவிலும் அதை ஒட்டிய லிட்டில் இந்தியாவிலும் சுற்றியவர்களுக்குத் தெரியும்: மூட்டுவலிக்குத் தைலம், வாய்க்கு ருசியாகச் சீனியில் ஊறிய சதை, வெயிலுக்கு ஜூஸ், வயிற்றுக்குக் கொட்டை. என்றும் பசுமையாக நிற்கும் ஒரு மரத்திலிருந்து இத்தனை பிழைப்பு!

இன்றைய இந்தோனேசியாவிலுள்ள பண்டா தீவுகளின் மரம் இது. 1796இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தத் தீவுகளை டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்தபின், கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தாவரவியலாளர் கன்றுகளைப் பினாங்குக்கு அனுப்பிவைத்தார். 1860 வாக்கில் நோய் விழுந்து தோட்டங்கள் அழிந்தன. மிச்சத்தைப் பினாங்கின் பாலிக் புலாவ் பக்கம் இன்றும் பார்க்கலாம். ஆனால் நாகூர், காரைக்கால் கரையிலிருந்து கப்பலேறி வந்து, சூலியா தெருமுனையில் நாகூர் தர்காவும் எழுப்பிய சூலியாக்கள் என்ற தமிழ் முஸ்லிம்களுக்கு ஜாதிக்காய் புதிதல்ல. ஊரில் பிள்ளை பெற்ற வீட்டு உரைமருந்துப் பெட்டியில் வசம்பு, மாசிக்காய், கடுக்காய், சுக்கோடு அதுவும் கிடந்தது.

அந்த உரைமருந்தைக் கொஞ்சம் கவனியுங்கள். கொட்டையைச் சோறு வேகும் பானையில் போட்டு எடுத்து, வெயிலில் காயவைப்பார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டும் நாளில் உரைகல்லைக் கழுவி, இரண்டு சொட்டு தாய்ப்பால் விட்டு, ஒரு இழைப்பு, மிஞ்சினால் இரண்டு. கல்லில் படிவது கடுகளவு விழுது. அதற்குமேல் வேண்டுமென்றால் கை வலிக்க இழைக்க வேண்டும். எந்தப் பாட்டியும் அதைச் செய்யமாட்டாள். அளவுகோல் எதுவும் இல்லாத வீட்டில் அந்தக் கல்தான் அளவுகோல்.

இப்போது கல் பரணில். கையில் பொடிப் பாக்கெட். ‘தூக்கம் வரவில்லையா, பாலில் ஒரு கரண்டி’ என்று கைபேசியில் யாரோ சொல்கிறார்கள். ஒரு தேக்கரண்டிப் பொடி ஏறக்குறைய 2 கிராம். 5 கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு முழுக்கொட்டை, உள்ளே போனால் வாய் உலரும், நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும். சிலருக்கு இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். மிரிஸ்டிசின் என்ற பொருளே இதில் முக்கியக் காரணம் என்கிறார்கள். புர்க்கின்யே என்ற செக் நாட்டு விஞ்ஞானி 1829இல் மூன்று கொட்டையைத் தின்று, தனக்கு நேர்ந்ததை எழுதியே வைத்திருக்கிறார். அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் சிறையில் போதைக்குக் குடித்ததும் இதே பொடிதான். என்னைப் பயமுறுத்துவது இன்னொன்று: விளைவு தெரிய மூன்று முதல் ஆறு மணி நேரம் ஆகலாம். ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்று இரண்டாவது கரண்டியை எடுக்க அது போதாதா?

பொடியும் விழுதும் ஒரே சரக்குதானே என்பார்கள் விற்பவர்கள். சரக்கு ஒன்றுதான், கை வேறு. குழந்தை மருத்துவர்களோ ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவுமே வேண்டாம் என்கிறார்கள். பாட்டியின் கடுகளவும் அதில் அடக்கம். கைக்குழந்தை விஷயத்தில் நானும் அவர்கள் பக்கமே.

பினாங்கிலிருந்து வாங்கி வாருங்கள், தடையில்லை. பொடியாக வேண்டாம், முழுக்கொட்டையாக வாங்குங்கள். பெரியவர்களுக்குச் சமையலில் ஒரு சிட்டிகை போதும். கர்ப்பிணிகள் மருந்தென்று தொடவேண்டாம். தைலம் வெளிப்பூச்சுக்கு மட்டும்; பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பொடி சாப்பிட்டுவிட்டுப் படபடப்பு, குழப்பம் என்றால் மோர் கொடுத்துக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு.