அச்சந் தணிக்கும் மருந்துகள்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையைச் சேர்ந்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அத்தகைய சரிவுகளில் வாழ்வோர் பெருமழை இரவில் கண்விழித்திருப்பது இயல்பே. அவ்வச்சம் நோயன்று, உயிர்காக்குந் துணையாகும். ஆனால், மழை ஓய்ந்து வெயில் காய்ந்த பின்னரும் நெஞ்சு படபடத்து, கைகால் நடுங்கி, உறக்கங் கெட்டு, மாதக்கணக்கில் அன்றாடக் கருமங்களும் ஆற்ற இயலாதிருப்பின், அதனைப் பதகளிப்பு நோய் என்பர் வைத்தியர்.

இந்நோயுற்ற தாயார் ஒருவர் அண்மையில் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். வைத்தியர் கொடுத்த குளிகையை ஐந்து நாள் உட்கொண்டும் பயனில்லையாம், அதனை நிறுத்திவிட்டாராம். பக்கத்து லயத்துப் பெண் கொடுத்த குளிகையோ ஒரு மணி நேரத்தில் அமைதி தந்ததாம். ஆகவே பின்னையதே நல்ல மருந்து என்பது அவர் முடிவு. யான் வைத்தியனல்லேன், எனினும், இம்முடிவு எத்துணை ஆபத்தானது என்பதை நாம் யாவரும் அறிந்திருத்தல் நன்று.

விரைந்து அமைதி தரும் குளிகைகளுள் பெயர்பெற்றது டயசிபாம். லியோ ஸ்ரேண்பாக் என்னும் இரசாயனவியலாளரின் ஆய்வில் தோன்றி, 1963இல் விற்பனைக்கு வந்தது. நமது மூளையில் ‘காபா’ எனும் இரசாயனப் பொருள் நரம்புக் கலங்களின் வேகத்தைத் தணிக்கின்றது. ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் லொறிக்குப் பிரேக் எப்படியோ, மூளைக்குக் காபா அப்படி. டயசிபாம் அந்தப் பிரேக்கை மேலும் அழுத்துகின்றது. ஆயின், பல வாரங்கள் இடைவிடாது அழுத்தினால் மூளை அதற்குப் பழகிவிடும். அதே பயனைப் பெற அளவைக் கூட்ட வேண்டிவரும். நெடுநாள் உட்கொண்டவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் உண்டாகலாம். சாராயத்துடன் சேரின் மூச்சே மந்தமாகி உயிருக்கு ஆபத்து நேரும். மயக்க நிலையில் சரிவில் இறங்கிக் கொழுந்து பறிப்பதும் அபாயமே. ஆதலின் வைத்தியர் இதனைக் குறுகிய காலத்திற்கே கொடுப்பர்.

செர்ட்ரலின், புளுவொக்செற்றின் முதலியவை இரண்டாம் வகையின. நரம்புக் கலமொன்று செரோட்டோனின் என்னும் பொருளை அடுத்த கலத்திற்கு அனுப்பிவிட்டு, எஞ்சியதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இம்மருந்துகள் அவ்வுறிஞ்சலைத் தடுப்பதால், அப்பொருள் கலங்களின் இடைவெளியிற் கூடுதலாகத் தங்குகின்றது. இதற்கேற்ப மூளை தன்னைச் சீரமைத்துக்கொள்ள இரண்டு முதல் ஆறு வாரங்கள் செல்லும். தொடக்க நாட்களில் குமட்டலும், சிலருக்குப் படபடப்பு மிகுதலுங்கூட உண்டு. கவ்வாத்து வெட்டிய மறுநாள் கொழுந்து தேடுவார் யார்? அத்தாயார் நிறுத்தியது இந்த மருந்தையே. குணமடைந்த பின்னரும் பல மாதங்கள் தொடர்ந்து உட்கொண்டு, வைத்தியர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைத்தல் வேண்டும்.

இவையன்றிப் புறொப்பிறனோலோல் என்றொரு மருந்தும் உண்டு. இதயத்தில் அதிரினலீனின் வேலையைத் தடுத்து, படபடப்பையும் நடுக்கத்தையும் குறைப்பது இது. மனத்திலுள்ள கவலையை நீக்குவதன்று. ஆஸ்துமா உள்ளோருக்கு இது ஆகாது. ஒருவருக்கு நன்மை செய்த குளிகை இன்னொருவருக்குத் தீங்காகலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மருந்தொன்றே வழியுமன்று. பயிற்சி பெற்றோருடன் முறையாக உரையாடி, அச்சத்தை எதிர்கொள்ளப் பழகுவதும் சிகிச்சையே. அவசரமாக யாரிடமேனும் பேச விரும்புவோர், தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை நாடலாம்.

இரண்டு குளிகைப் பொட்டலங்களையும் எடுத்துக்கொண்டு, மருந்து தந்த வைத்தியரிடமே மீண்டுஞ் செல்லுமாறு அத்தாயாரை வேண்டினேன். கடன்வாங்கிய குளிகையை வைத்திருப்போர் எவராயினும், அவர்க்கும் என் வேண்டுகோள் அதுவே.