இறுகிய பிசினும் மின்னளவீடும்: ஊவாவிலிருந்து ஒரு நோக்கு

உமா ஓயா மின்திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. வெலிமடைப் பகுதியின் நீர், மலையைக் குடைந்த சுரங்கவழியே இறங்கி, வெல்லவாய அருகே நிலத்தடியில் 60 மெகாவாற்று வலுவுடைய இரு பிறப்பாக்கிகளைச் சுழற்றுகின்றது. சுரங்கம் அகழப்பட்ட காலத்தில் பண்டாரவளைச் சுற்றயலிற் கிணறுகள் வற்றியதும் சுவர்கள் பிளந்ததும் யாவரும் அறிந்தவை. அவ்வரலாறு தனியே எழுதப்படவேண்டியது. இங்கு நோக்கப்படுவது அத்தகைய பிறப்பாக்கிகளின் உள்ளுறையும் ஒரு பொருள்.

உயர் மின்னழுத்தப் பிறப்பாக்கிகளின் செப்புச் சுருள்களை இன்று பொதுவாக மைக்காவும் எபொக்சிப் பிசினும் சேர்ந்த காவலி போர்த்தியிருக்கும். எபொக்சி, வெப்பத்தால் இறுகும் பல்பகுதியம். ஒருமுறை இறுகியபின் மீண்டும் உருகாது. 1907இல் லியோ பேக்லண்ட் ஆக்கிய பேக்லைற்றும் இவ்வினத்ததே. அவர் தேடியது அரக்குக்கு ஒரு மாற்றீடு. அவ்வரக்கை இந்தியக் காடுகளிற் சேகரித்த பழங்குடியினரின் உழைப்பை வேதியியற் பாடநூல்கள் அரிதாகவே நினைவுகூரும்.

பிசின் முற்றாக இறுகியதா என்பதைக் கண் அறியாது, மின் அறியும். இரு மின்வாய்களுக்கிடையே பிசினை வைத்து ஆடலோட்ட அழுத்தம் கொடுத்தால், திரவநிலையில் அயன்கள் எளிதில் நகரும். மூலக்கூறுகள் குறுக்கே பிணைந்து வலையாகுந்தோறும் அவற்றின் வழி அடைபடுகின்றது. கடத்துதிறன் பன்மடங்கு வீழ்கின்றது. அளவீடு மேலும் மாறாது நின்றால், தாக்கம் ஏறக்குறைய முடிந்தது எனலாம்.

பயன்பாட்டிலுள்ள காவலிக்கு வேறொரு சோதனை உண்டு. நேரோட்ட அழுத்தம் கொடுத்து, 1ஆம் நிமிடத்திலும் 10ஆம் நிமிடத்திலும் தடையை அளப்பர். உலர்ந்த காவலியில் முனைவாக்க ஓட்டம் மெல்ல அடங்குவதால் தடை உயரும். விகிதம் 2 அல்லது அதற்கு மேலாயின் நன்று. ஈரம் புகுந்திருப்பின் மாறாத ஒழுக்கோட்டமே மேலோங்கி விகிதம் 1ஐ அணுகும். தடை 5000 மெகாஓமைக் கடந்த புதிய காவலியில் இவ்விகிதத்தை நம்பலாகாது.

இனி, தோட்டத்து லயத்தைப் பார்ப்போம். பழைய பேக்லைற் ஆளி கருகுமேயன்றி உருகாது. கம்பியின் பீவிசி உறையோ சூட்டில் இளகும். ஓரறையிற் பற்றிய தீ வரிசை முழுவதையும் எரிக்கின்றது; மின்னொழுக்கு என்ற ஒரு சொல்லோடு செய்தி முடிகின்றது. வீட்டு மின்னிணைப்பை 500 வோற்றில் அளந்தால் குறைந்தது 1 மெகாஓம் தடை இருக்கவேண்டும் என்பது பிரித்தானிய விதி. அவ்வளவீடு சில நிமிட வேலையே. ஆனால் தோட்ட நிலத்திற் பெரும்பகுதி அரசினுடையது. 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளுடையது. அறையில் வாழ்வோர் பலருக்குக் காணியுறுதி இல்லை. கருவியைக் கொண்டுவரவேண்டியவர் யார் என்பது இதனாலேயே தீராதிருக்கின்றது.